நாள் விலை

செருப்புக்கடைக்குள் நுழைகிறவன் முதலில் பார்ப்பது செருப்பை அல்ல, பெட்டியை. மூன்று சுவரிலும் தரை தொட்டுக் கூரை வரை பெட்டி அடுக்கியிருந்தால் கடைக்காரன் கனமான ஆள், நம்பிப் பேசலாம், நம்பிக் கடனும் கொடுக்கலாம். சுவர் கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது. வாங்க வருகிறவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான், சரக்கு கொடுக்கிற மொத்த வியாபாரி அடுத்த தெருவுக்கே போய்விடுவான், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவன் மட்டும் தவறாமல் வருவான். அதனால் அந்தக் கடைத்தெருவில் எந்தக் கடையின் சுவருக்கு என்ன வண்ணம் என்று யாரும் சொல்ல முடியாது. கட்டிய கொத்தனாரைக் கேட்டால்தான் உண்டு.

தெருக்கோடியில் இருந்த சொகுசின் கடையும் அப்படித்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வாடகை ஒப்பந்தத்தில் பத்திரமாக இருந்தது. எந்தச் செருப்பை எடுத்துக் கொடுத்தாலும் "போட்டுப் பாருங்க, சொகுசா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி, அவரே சொகுசு ஆகிவிட்டார். கடையில் கீழே இரண்டு வரிசை சரக்கு. அதற்கு மேல் கூரை வரை காற்று. காற்றையும் சும்மா விடவில்லை. அளவு போட்டு, நிறம் போட்டு, ஆண் பெண் பிரித்து அடுக்கியிருந்தார். யாராவது உச்சியில் இருக்கிற பெட்டியைக் காட்டி "அதை எடுங்க" என்றால், "அது உங்க காலுக்குக் கடிக்கும்ங்க, என் பேச்சைக் கேளுங்க" என்று கீழ்வரிசைக்கு இறக்கிவிடுவார். காலிப் பெட்டி யார் காலையும் கடித்ததில்லை. தெருவில் எல்லாருக்கும் எல்லார் பெட்டியும் தெரியும். ஒருத்தர் காற்றை ஒருத்தர் ஊதிவிடக் கூடாது என்பதுதான் அங்கே சொல்லாத ஒப்பந்தம்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் கடைக்குப் பின்புறச் சந்தில் வேனைப் பின்னால் எடுத்தார். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் செல்போன். போனில் மொத்த வியாபாரியின் ஆள், தவணை வாங்க வருகிறவர். தெருவில் அவருக்குப் பெயரே வசூல்தான். "பணம் வழியில வந்துக்கிட்டிருக்கு அண்ணே" என்று சொகுசு சொன்னபோது, வழியில் உண்மையில் வந்துகொண்டிருந்தவர் முதுகில் மூட்டையோடு ஒரு சுமைக்காரர். வேன் இடித்து, மூட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

சொகுசு ஓடவில்லை, மறைக்கவில்லை. அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழக்கு வந்தபோதும் செல்போன் பேசியதை ஒத்துக்கொண்டார். நீதிபதி, "அறுபது நாள்" என்றார். கடைச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று சொகுசு சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கோர்ட் குமாஸ்தாதான் தோளைத் தட்டினார்.

"ஐயா, உக்காருங்க. அறுபது நாள் ஜெயில் இல்ல, அபராதம். இப்ப சட்டம் மாறிப்போச்சு. குத்தத்துக்கு எத்தனை நாள்னு ஜட்ஜ் சொல்லுவார். உங்க ஒரு நாளுக்கு என்ன விலைன்னு மதிப்பீட்டு ஆபீஸ்ல சொல்லுவாங்க. ரெண்டையும் பெருக்கிக் கட்டணும். இருக்கிறவன் நிறைய கட்டுவான், இல்லாதவன் கொஞ்சமா கட்டுவான். கட்டாட்டிதான் அத்தனை நாள் உள்ள."

செருப்புக்காரருக்கு இதைப் புரியவைக்க இதற்கு மேல் யாரும் பாடுபட வேண்டியதில்லை. ஊரில் உள்ள எல்லாக் காலுக்கும் ஒரே நம்பரைக் கொடுத்தால் ஒருத்தனுக்கு விரல் நசுங்கும், இன்னொருத்தனுக்குக் கழன்று பறக்கும். காலைப் பார்த்து அளவு போடு என்கிறார்கள், அவ்வளவுதான். "எந்தப் புண்ணியவான் கொண்டாந்த சட்டமோ" என்று வீட்டில் வந்து சொன்னார். "நம்ம நாளுக்கு என்னம்மா விலை இருக்கப்போகுது? சில்லறையிலயே முடிஞ்சுரும்."

அவர் மனைவி சாயங்காலங்களில் கல்லாவில் உட்காருகிறவள். கல்லாவின் அடி அவளுக்குத் தெரியும், அடிக்கடி தட்டுப்பட்டதால். "அப்ப அந்த ஆளு கைக்கு என்ன குடுக்கிறாங்களாம்?" என்று கேட்டாள். அதைச் சொகுசு கேட்டுக்கொண்டு வரவில்லை.

தெருவும் அந்தச் சட்டத்தைக் கொண்டாடியது. காரணம் வேறு. தெருவில் பாதிக் கட்டடம் ஒரே ஆளுடையது. மாடி மாடியாக வாடகைக்கு விட்டதால் அவருக்கு மாடியார் என்று பெயர். அவருடைய கட்டடம் ஒன்றில் துருப்பிடித்த படிக்கட்டுக் கம்பி கழன்று, தையல் வேலை செய்கிற ஒரு பெண் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தாள். கம்பியைப் பற்றி அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். மாடியாருக்கு நூற்றிருபது நாள். "அவரு ஒரு நாளைக்கு என்ன விலை போவாரு?" என்று தெருவில் பந்தயமே கட்டினார்கள். ஒருத்தர் ஒரு வீட்டு விலை என்றார். இன்னொருத்தர், வீட்டோடு வாசல் கதவும் சேர்த்து என்றார்.

அந்த வாரம் மாடியார் சொகுசின் கடைக்கு வந்தார். "இருக்கிறதுலயே மட்டமான ரப்பர் செருப்பு ஒண்ணு குடுப்பா."

"யாருக்குங்க, வேலைக்காரருக்கா?"

"எனக்குத்தான். நாளைக்கு மதிப்பீட்டு அதிகாரி வர்றாங்க." போட்டுக்கொண்டு வாசல்படியில் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தார். "புதுசா தெரியக் கூடாது பாரு. கட்டடம் எல்லாம் மாமியார் பேர்ல, கார் மச்சினன் பேர்ல. செருப்பு மட்டும்தான் என் பேர்ல. அது பளபளன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

சொகுசு விழுந்து விழுந்து சிரித்தார். செருப்புக்கு விலையை வாங்கிக்கொண்டார். அதோடு சேர்த்து ஒரு பாடமும் வாங்கியிருக்க வேண்டும், அதை விட்டுவிட்டார்.

அவருடைய கடைக்கு அதிகாரி வருகிற நாளுக்கு அவரும் தயாராகத்தான் இருந்தார். பின்னறைக்குக் கூட்டிப் போவது, ஏணியை வைத்து நாலு பெட்டியை இறக்கித் திறந்து காட்டுவது, வேன் கடனையும் வாடகை பாக்கியையும் சொல்வது. மனைவி இரண்டு தடவை ஒத்திகை பார்த்து அனுப்பியிருந்தாள். "பெருமை பேசாதீங்க. ஒரு பத்து நிமிஷம், பெருமை பேசாம இருங்க, போதும்."

அன்றைக்குக் கடையைத் திறந்து தூசி தட்டும்போதே வசூல் வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய வயிறு, சின்னக் குரல். தவணையைக் கேட்கவே மாட்டார். வருவார், உட்காருவார், டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார், பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்காமல் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி வேறு கிடையாது.

டீ பாதியில் இருக்கும்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். சாதாரண உடை, தோளில் பை, தேய்ந்துபோன கட் ஷூ.

"வாங்க மேடம், உக்காருங்க. உங்க காலுக்கு ஆறு. இடது கால் கொஞ்சம் பெருசு, அதனால ஆறரை."

"நான் வாங்க வரல. மதிப்பீட்டு ஆபீஸ்லேருந்து வர்றேன். உங்க அபராத விஷயமா."

டீ கிளாஸ் வசூலின் உதட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் நின்றது.

"அண்ணே," என்றார் சொகுசு, "நீங்க வேணா ஒரு நடை வெளிய போயிட்டு…"

"எனக்கென்னப்பா அவசரம். நீ உன் வேலையப் பாரு."

அதிகாரி சுற்றிலும் பார்த்தாள். கழுத்தை நிமிர்த்தி, கூரை வரை. "இதெல்லாம் சரக்கா?"

சொகுசு இதுவரை தன் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார். நாக்கு அதற்குப் பழகியிருந்தது. மூளை வருவதற்குள் அது போய்விட்டது. "சரக்கு இல்லாமப் பின்ன என்னங்க?"

"மேல இருக்கிறதுமா?"

"மேல இருக்கிறதுதான் உசத்தியே."

வசூல் மெதுவாகத் தலையாட்டினார். அதிகாரி ஒரு பெட்டியை எடுக்கச் சொன்னாள். சொகுசு இரண்டாம் வரிசையிலிருந்து எடுத்துத் திறந்தார். நல்ல தோல், நல்ல தையல். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வசூலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தனியாப் பேசணும்னா பேசலாம். பின்னாடி அறை இருக்கா?" என்றாள்.

தப்பிக்கிற கதவு திறந்துதான் இருந்தது. திறந்துவிட்டவளும் அங்கேயே நின்றாள். ஆனால் வசூலை முக்காலியில் விட்டுவிட்டு ஒரு வியாபாரி அதிகாரியோடு பின்னறைக்குப் போனால் அதற்கு என்ன அர்த்தம்? மறுநாள் காலையில் மொத்த வியாபாரிகள் அத்தனை பேருக்கும் அந்த அர்த்தம் போய்ச் சேர்ந்திருக்கும். "எங்கிட்ட ஒளிவு மறைவு எதுவும் கிடையாது மேடம்," என்றார் சொகுசு. "எல்லாம் இங்கயே பேசலாம்."

பேசினார். வியாபாரம் எப்படி என்றாள், ஓடுது என்றார். கடன் உண்டா என்றாள். கடன் இல்லாத வியாபாரி உண்டா, ஆனா நம்ம தவணை ஒருநாள் தவறினது கிடையாது, வேணும்னா இவரையே கேளுங்க என்றார். இவர், "தங்கமான ஆளு" என்றார். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தோஷமே தெரிந்தது.

"இந்த வேலைக்கு வந்ததுலேருந்து எல்லார் வாயிலயும் இல்ல, இல்ல, இல்ல. குடியிருக்கிற வீடே என்னதில்லம்பாங்க. இருக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்."

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. சொகுசின் ஒரு நாளுக்குப் போட்டிருந்த விலையை அவர் சம்பாதிக்க ஒரு மாதம் ஆகும். நல்ல மாதமாக இருந்தால். அப்படி அறுபது. அதே நாளில் மாடியாருக்கும் உத்தரவு வந்தது. அவருக்குச் சட்டத்தில் இருக்கிற மிகக் குறைந்த நாள் விலை. நூற்றிருபது நாளையும் கவுண்டரிலேயே கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனாராம்.

மனைவி உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு, "பத்து நிமிஷம்தாங்க கேட்டேன்" என்றாள்.

உத்தரவின் அடியில் ஒரு வழியும் எழுதியிருந்தது. மதிப்பீடு தவறென்றால் ஆட்சேபணை மனு போடலாம். போட்டால் மறுபடி வருவார்கள். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேர் சாட்சியாக நிற்க, சரக்கைத் திறந்து எண்ணுவார்கள். மனு போட்டவர் பெயரை ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டுவார்கள், மறைத்து வைத்த சொத்து உண்டென்று தெரிந்தவர்கள் வந்து சொல்வதற்காக.

மறுநாளே வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்துவிட்டார். கடிகாரக் கடை வைத்திருக்கிறவர். கூட இரண்டு பேர். மூன்று பேரும் பெட்டிகளைப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

"தம்பி, மனு போடப்போறியாமே?"

"போடாம என்ன செய்யச் சொல்றீங்க? அறுபது மாச வருமானத்த எங்கேருந்து எடுப்பேன்?"

"போடு, வேண்டாங்கல. ஆனா உன் பெட்டிய திறந்தா உன் பெட்டியோட நிக்குமா? சாட்சிக்கு ரெண்டு கடைக்காரன் வேணும்ங்கிறான். வந்தவன், அப்படியே உங்க கடையையும் காட்டுங்கம்பான். இன்னிக்கு உன் மேல்வரிசை, நாளைக்கு என் கடிகாரம். என் கடையில ஓடுறது எத்தனைன்னு உனக்குத் தெரியும்."

"ரெண்டு."

"சத்தமாச் சொல்லாதப்பா."

"அப்ப அபராதத்த தெரு கட்டட்டும்."

"கட்டுவோம். கால்வாசி."

"முக்கால்."

"தம்பி, ஆளை இடிச்சது நீயா தெருவா?"

"இடிச்சது நான். மறைக்கிறது தெருதானே?"

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். ஒருவர் மூக்கைச் சொறிந்தார். அந்தத் தெருவில் மூக்கைச் சொறிந்தால் இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்று அர்த்தம். கடைசியில் பாதியில் வந்து நின்றது. கைகொடுத்துக்கொண்டார்கள். சொகுசுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட வந்தது. இந்த நிலைமையிலும் கால்வாசியைப் பாதிக்கு ஏற்றிவிட்டாரே. மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்ற நினைப்பு இரவில்தான் வந்தது.

அது வருவதற்குள் சுமைக்காரர் வந்தார். கையில் மாவுக்கட்டு, அதைத் தாங்கத் தோளிலிருந்து துணித் தொட்டில் கட்டியிருந்தார்.

"என்ன முதலாளி, பெரிய ஆளாயிட்டீங்களாமே. ஊரே பேசுது. ஒரு நாளுக்கு அவ்வளவு விலையாமே."

"உக்காரு. கை எப்படி இருக்கு?"

"கை கையாட்டம் இருக்கு. இனி மூட்டை தூக்காதன்னு டாக்டர் சொல்றார். மூட்டை தூக்காத சுமைக்காரன எந்தச் சந்தையில பாத்திருக்கீங்க?" மாவுக்கட்டைத் தொட்டிலுக்குள் நகர்த்தி வைத்துக்கொண்டார். "அந்த அபராதத்துல எனக்கு எவ்வளவு வரும்?"

"உனக்கு வராதுப்பா. அது அரசாங்கத்துக்கு. உனக்கு வேணும்னா தனியா கேஸ் போடணுமாம்."

"அப்ப நீங்க கட்டாம உள்ள போனா?"

"அப்பவும் வராது."

சுமைக்காரர் இதை மனதுக்குள் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "அப்ப என் கை உடைஞ்சதுல, என்னைத் தவிர எல்லாருக்கும் வேலை இருக்கு."

சொகுசு கீழ்வரிசையிலிருந்து ஒரு நல்ல ஷூவை எடுத்து, சுமைக்காரரின் காலுக்குச் சரியான அளவில், முன்னால் வைத்தார். "வெச்சுக்க. சொகுசா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

சுமைக்காரர் அதைப் பார்த்தார். "கயிறு கட்டுற ஷூவா குடுக்கிறீங்க?" என்றார் கோபமே இல்லாமல். "ஒத்தக் கையால எப்படி முதலாளி கட்டுறது?" எழுந்து போய்விட்டார். ஷூ அங்கேயே இருந்தது.

மனு போட வேண்டிய கடைசி நாளைக்கு முந்தின சாயங்காலம் சங்கத் தலைவர் ஒரு கவரோடு வந்தார். கவர் ஒல்லியாக இருந்தது. "வியாபாரம் மந்தம் தம்பி. ஆளாளுக்கு ஒரு கதை சொல்றான். இதையே மிரட்டித்தான் வாங்கினேன்." எண்ணிப் பார்த்தால் நாலு நாளுக்கு வந்தது.

"பாதின்னு கைகுடுத்தீங்களே."

"கை குடுத்தேன், இல்லங்கல. இப்ப மனசையும் குடுக்கிறேன். பணம்தான் இவ்வளவு." போகிற போக்கில் குரலைத் தாழ்த்தினார். "உள்ள போறதுன்னாலும் ரெண்டு மாசம்தானே தம்பி. கொள்முதலுக்கு வெளியூர் போயிருக்கேன்னு சொல்லிருவோம். தெரு உன் பேரக் காப்பாத்தும். பெட்டி திறந்துட்டா, வெளிய இருந்தும் பிரயோசனம் இல்ல பாரு."

அன்று வீட்டில் மனைவி மனுவை எழுதி வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நாளைக்குக் காலையில போய்க் குடுங்க."

"குடுத்தா வசூலுக்குத் தெரிஞ்சுரும். அந்தப் பலகையப் பாக்கிறதுக்குன்னே மொத்த வியாபாரிங்க ஆள் வெச்சிருக்காங்களாம். சரக்க அள்ளிட்டுப் போயிருவாங்க. அப்புறம் கடை ஏது?"

"போனாப் போவுது. நீங்க இருப்பீங்கள்ல?"

"கடை இல்லாம நான் இருந்து?"

"ஏங்க," என்றாள். "கல்யாணம் ஆகி வந்த புதுசுல உங்க வீட்ல அலமாரி நிறைய பாத்திரம் இருந்துச்சு. அத்தனையும் பக்கத்து வீட்டுதுன்னு மறுநாள் தெரிஞ்சுது. நான் என்ன, கிளம்பியா போனேன்? சிரிச்சேன். தெரிஞ்சா என்னங்க ஆகும்? கொஞ்ச நாள் சிரிப்பாங்க, அவ்வளவுதானே?"

அவர் கையெழுத்துப் போட்டார்.

காலையில் மனுவோடு மதிப்பீட்டு ஆபீசுக்குப் போனார். உள்ளே போக அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலைந்து பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலை வைத்துக்கொண்டே வந்தார். சொகுசும் எட்டிப் பார்த்தார். வரிசையில் ஒரு பெயர் தெரிந்த பெயராக இருந்தது. அடுத்த தெரு மரச்சாமான் கடைக்காரர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ராஜா உட்காருகிற மாதிரி நாற்காலி வைத்திருக்கிறவர், சொகுசைக் கண்டால் தலையை அசைக்கக்கூட யோசிக்கிறவர்.

சொகுசின் நெஞ்சில் குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. அடப்பாவி, இவனா? இவனும் காலியா? இதைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது, முதலில் ஒரு டீ சொல்லிவிட்டு, 'ஒரு சமாச்சாரம் தெரியுமா' என்று மெதுவாக ஆரம்பித்து… வார்த்தைகூட வரிசையாக வந்து நின்றுவிட்டது.

அப்போதுதான் தன் சிரிப்பை அவரே பார்த்தார். பலகையின் கண்ணாடியில் அது தெரிந்தது. நாளைக்கு இதே சிரிப்பு, வேறு வேறு முகத்தில், இதே இடத்தில் நிற்கும். விரல் வேறொரு பெயரில் நிற்கும்.

கவுண்டரில் கூட்டமே இல்லை. உள்ளே இருந்தவர் நிமிர்ந்து, "மனுவா?" என்றார்.

"இல்லைங்க," என்றார் சொகுசு. "சும்மா, கழிவறை எங்கன்னு கேக்க வந்தேன்."

வெளியே வரும்போது செல்போன் அடித்தது. மனைவி. "குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சும்மா."

"ஒண்ணும் கேக்கலையே?"

"ஒண்ணும் கேக்கல."

உண்மை தெரிய அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒருநாள் காலையில் ஜெயிலில் வந்து ஆஜராகும்படி கடிதம் வந்தது, அவள்தான் பிரித்தாள். அவள் கத்தவில்லை. மனு இன்னும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். வேனுக்குள் இருந்தது. போட வேண்டிய நாள் போய்விட்டிருந்தது.

கவரில் வந்த பணத்துக்கு நாலு நாள் கழிந்தது. மீதிக்கு அவர் கிளம்பினார். பயணப்பெட்டிக் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய பெரிய சூட்கேஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், தெரு நடுவே நடந்தார். ஜெயிலுக்குச் சூட்கேஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "கொள்முதலா?" என்றார்கள். "கொள்முதல்தான்," என்றார். "நல்ல சரக்கா பாத்துப் போடுங்க," என்றார் கடிகாரக் கடைத் தலைவர் கல்லாவை விட்டு எழுந்து நின்று. அந்தத் தெருவில் அவருக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

கடையில் அவள் உட்கார்ந்தாள். அடுத்த தவணை நாளில் வசூல் வந்தார். முக்காலியில் உட்காரவில்லை. பின்னால் வாசலில் ஒரு லாரி நின்றது.

"அவர் கொள்முதலுக்குப் போயிருக்கார் அண்ணே. வந்ததும்…"

"எந்த ஜெயில்ல கொள்முதல் தங்கச்சி?" அந்தச் சின்னக் குரலில் கேலி இல்லை. "உக்காரு. பதறாத. கீழ் ரெண்டு வரிசையும் வேனும் எடுத்துக்கிறேன். அதுவே பாக்கிக்குச் சரியா வராது, ஆனா விட்டுருவோம்."

அவள் அனிச்சையாக மேலே பார்த்தாள்.

"மேல இருக்கிறத எடுக்கச் சொல்லாத, எனக்குத் தும்மல் வரும்."

"உங்களுக்கு… தெரியுமா?"

"எத்தனை ஜோடி குடுத்தோம்னு குடுத்தவனுக்குத் தெரியாதா? வேற வியாபாரிகிட்ட வாங்கியிருக்கலாமேன்னு கேப்ப. நாங்க அத்தனை பேரும் ஞாயித்துக்கிழமை ஒரே மேஜையிலதான் சீட்டு ஆடுறோம். இந்தத் தெருவுல எந்தக் கடையில எத்தனை காத்துன்னு எங்களுக்கு மனப்பாடம்."

"தெரிஞ்சுமா கடன் குடுத்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் குடுத்தோம். காலிப் பெட்டிய அடுக்கி வெச்சிருக்கிறவன் தவணைய மட்டும் தவற மாட்டான். சோத்தக் குறைப்பான், தவணையக் குறைக்க மாட்டான். வெளிய தெரிஞ்சுருமேன்னு பயம். அதவிட நல்ல ஜாமீன் உண்டா?"

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் அவள் கேட்டாள். "அப்ப அவர் மனு போட்டிருந்தா?"

வசூல் பெருமூச்சு விட்டார். "போட்டிருக்கலாம். அந்தப் பலகைய நாங்க பாக்கிறதுகூட கிடையாது. சில்லறைய கட்டிட்டுக் கடையில உக்காந்திருப்பார், நானும் டீ குடிச்சுட்டுப் போயிருப்பேன். கடையில உக்காந்திருக்கிற ஆளுகிட்ட எங்களுக்கு என்ன பயம்? ஆள் உள்ள போயிட்டா, கம்பெனி ஒத்துக்காது தங்கச்சி. அது என் கையில இல்ல." போகும்போது திரும்பினார். "அன்னிக்கு அந்த அதிகாரி முன்னாடி நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். உங்க வீட்டுக்காரர் வாய் இவ்வளவு விலைக்குப் போகும்னு நெனைக்கல."

லாரியில் ஏற்ற அரைமணிகூட ஆகவில்லை. கீழ் வரிசைகளை உருவியதும் மேலே இருந்ததெல்லாம் சத்தமே இல்லாமல் சரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெயிலுக்குப் பார்க்கப் போனாள். நடுவில் கம்பிவலை, அந்தப் பக்கம் அவர். மெலிந்திருந்தார். கன்னத்தில் சவரம் சரியாக ஆகவில்லை. காலில் ஜெயில் செருப்பு, ஒரு நம்பர் பெரியது. அவளைக் கண்டதும் வலைக்கு அருகில் வந்து, முதலில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"வசூல் வந்தாரா?"

"வந்தார்."

"கேட்டாரா?"

"கேக்கல. டீ குடிச்சுட்டுப் போனார்."

"பெட்டிய யாராவது தொட்டாங்களா?"

நேற்றுத்தான் அவள் அத்தனை பெட்டியையும் மிதித்துத் தட்டையாக்கி, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தாள். கடைக்குள் மூன்று சுவரும் பச்சை வண்ணத்தில் இருந்தன. கட்டட முதலாளி என்ற முறையில் மாடியார் வந்து பார்த்து, அடுத்த மாதம் வேறு ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"யாரும் தொடல," என்றாள். "அப்படியேதான் நிக்குது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த முகத்தில் பல வாரமாக இல்லாத ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. "பாத்தியா. நான் சொன்னேன்ல? கொஞ்ச நாளைக்கு நாம பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்னு." பிறகு குரலில் பழைய வேகம் வந்தது. "மேல்வரிசையில தூசி படிய விடாத. தூசி இருந்தா சரக்கு ஓடலைன்னு தெரிஞ்சுரும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஏணி போட்டு இடத்த மாத்தி வை. எட்டு கறுப்ப எடுத்து முன்னாடி வை. யாராவது கேட்டா…"

"கடிக்கும்னு சொல்லிருறேன்," என்றாள்.

"ஆமா," என்றார் அவர் சந்தோஷமாக.

காவலர் வந்து நேரம் முடிந்தது என்றார். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.